போலோ ஜிடி டிஎஸ்ஐ: 4 பிஸ்டன் காலிப்பர் போட்ட பிறகு பெடல் ஆழமாகப் போகிறது, ஸ்டியரிங் ஆடுகிறது, மலை இறக்கத்தில் பிடிப்பு குறைகிறது

சேலம்_ஜிடி:

வணக்கம். வண்டி 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் சாஃப்ட்வேர் மாற்றம்). 16 இஞ்ச் அலாய், 205/50 டயர், 30 மி.மீ. இறக்கிய ஸ்பிரிங்.

கம்பெனி முன் டிஸ்க் 256×22 மி.மீ., ஒற்றை பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்). அதை எடுத்துவிட்டு 300×26 மி.மீ. டிஸ்க், அலுமினியத் தொப்பி (டிஸ்க்கின் நடுப்பகுதி), நகராத வகை 4 பிஸ்டன் காலிப்பர் (நான்கும் 42 மி.மீ.), ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்று முழு கிட் போட்டிருக்கிறது. கம்பெனி நக்கிளிலேயே (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) அடாப்டர் பிராக்கெட் வைத்துப் பொருத்தியது. பேடு கிட்டோடு வந்தது. டப்பாவில் 'ஸ்போர்ட்' என்பதைத் தவிர எந்த விவரமும் இல்லை. பின்னால் 200 மி.மீ. டிரம் அப்படியே இருக்கிறது. பிரேக் ஆயில் டாட் 4.

இப்போதுள்ள சிக்கல்கள்:

1. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் போகிறது. உடனே இரண்டாவது முறை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. குண்டும் குழியுமான ரோடு தாண்டியதும், வேகமான வளைவு முடிந்ததும் அதிகம். ஏர் எடுத்துப் பார்த்தாயிற்று, குமிழ் வரவில்லை.

2. 110இல் இருந்து இதமாகப் பிடித்தால் 90க்கும் 70க்கும் நடுவில் ஸ்டியரிங் ஆடுகிறது. பிரேக் தொடாதபோது ஆட்டமே இல்லை.

3. பிரேக் தொட்ட முதல் நொடியில் வலப்பக்கம் லேசாக இழுக்கிறது, பிறகு நேராகிவிடுகிறது.

4. ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது பாதி கொண்டை ஊசி தாண்டியதும் கருகும் நெடி, பிடிப்பு குறைவு. பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, தரைக்குப் போகவில்லை.

கடையில் சொல்வது: பின்னாலும் டிஸ்க் மாற்ற வேண்டும், மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது) பெரிதாக்க வேண்டும். அதற்குச் செலவு செய்யும் முன் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று அண்ணன்மார் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை_காலிப்பர்:

இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே பாதி பதிலைச் சொல்லிவிட்டன.

லைனுக்குள் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பம்ப் செய்தால் கொஞ்சம் உயரும், ஆனால் அந்தப் பஞ்சுத் தன்மை போகாது. உங்களுடையது இரண்டாவது மிதியில் கெட்டியாக நிற்கிறது. அப்படியென்றால் பேடோ பின் லைனிங்கோ நிற்க வேண்டிய இடத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. முதல் மிதியின் ஆயில் அந்த இடைவெளியை அடைக்கவே செலவாகிவிடுகிறது; இரண்டாவது மிதிதான் உண்மையில் பிரேக் பிடிக்கிறது. இடைவெளி பின்னாலா முன்னாலா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, பெடல் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை மூன்று பல் மட்டும் இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். பெடல் இப்போது தெளிவாக மேலே நின்றால், பின் டிரம்மில் ஷூ (லைனிங் ஒட்டிய பாகம்) தள்ளி நிற்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் ஷூவை டிரம்முக்கு அருகில் கொண்டு போய்விட்டதால்தான் பெடல் உயர்ந்தது. மாற்றமே இல்லையென்றால் முன்பக்கத்தைப் பாருங்கள்.

அதோடு இன்னொரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை பம்ப் செய்து, பலமாக மிதித்தபடி அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்காவது கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. அசையாமல் நின்றால் மாஸ்டர் நன்றாக இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். அப்படியே காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் பூஸ்டருக்கு (காலின் அழுத்தத்தைக் கூட்டித் தருவது) வேக்குவம் வரவில்லை. ரீமேப்போடு கேட்ச் கேன், இன்டேக் என்று ஹோஸ்களைக் கழற்றி மாட்டிய வண்டிகளில் அந்த வேக்குவம் ஹோஸும் அதன் ஒருவழி வால்வும் சரியாக உட்காராமல் இருப்பதுண்டு.

பின் டிரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முன்னால் கிட் போடுகிறவர்கள் யாரும் இதைத் திறந்து பார்ப்பதில்லை. இந்த டிரம்மில் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு ஒரு சின்ன ஆப்பு. ஷூவுக்கும் தள்ளு கம்பிக்கும் நடுவில் அது நிற்கும், கீழே ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துக்கொண்டிருக்கும். லைனிங் தேயத் தேய, பிரேக் மிதிக்கும்போது உண்டாகும் இடைவெளியில் ஆப்பு கீழே இறங்கி ஷூவை வெளியே தள்ளி வைக்கும். லைனிங் தூசியும் துருவும் சேர்ந்தால் ஆப்பு ஒட்டிக்கொள்ளும், இறங்காது. இரண்டாவது காரணம்: ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று யாரோ கேபிளை முறுக்கி விட்டிருப்பார்கள். கேபிள் இழுத்த நிலையில் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் ஓய்வு நிலைக்குத் திரும்பாது. திரும்பாவிட்டால் ஆப்புக்கு இடம் கிடைக்காது, அட்ஜஸ்ட் ஆகவே ஆகாது.

செய்ய வேண்டியது இது. முதலில் காருக்குள்ளே ஹேண்ட்பிரேக் கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்துங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, வீல் போல்ட் துளை வழியாக ஸ்க்ரூடிரைவர் விட்டு ஆப்பை மேலே தள்ளினால் ஷூ உள்வாங்கும், டிரம் சிரமமில்லாமல் வரும். சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது. தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். ஆப்பு இரு பக்கமும் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். ஷூ உரசி நிற்கும் தட்டின் மேடுகளில் மட்டும் உயர்வெப்ப கிரீஸ் ஒரு பொட்டு. வீல் சிலிண்டரின் ரப்பர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். டிரம்மின் அதிகபட்ச விட்டம் அதிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டியிருந்தால் அதுவும் போயிற்று. மூடிய பிறகு முதலில் கால் பிரேக்கை நன்றாகப் பல முறை மிதித்து ஆப்பு இறங்க விடுங்கள். கேபிள் நட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும்: மூன்று நான்கு பல்லில் சக்கரம் பிடிக்க வேண்டும், கீழே விட்டால் கையால் தாராளமாகச் சுழல வேண்டும்.

முன்னால் பார்க்க வேண்டியவை. ஏர் நிப்பிள் மேலே நிற்கிறதா? இடம் வலம் மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மேலே ஒரு குமிழ் தங்கிவிடும். இந்த வகைக் காலிப்பரில் உள் பாதிக்கு ஒரு நிப்பிள், வெளிப் பாதிக்கு ஒரு நிப்பிள் இருக்கும். இரண்டிலும் எடுக்க வேண்டும், எடுக்கும்போது ரப்பர் சுத்தியலால் காலிப்பரைத் தட்ட வேண்டும். பிரஷர் பிளீடர் என்றால் 1 முதல் 1.5 பார் போதும். ரிசர்வாயர் காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் மட்டும் விசிடிஎஸ் அல்லது அதற்கு இணையான ஸ்கேனரில் பம்ப்பை ஓடவிட்டு எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் பிரச்சினை என்று கண்டுபிடிக்க ஹோஸைக் கிளாம்ப் போட்டு அடைக்கும் பழக்கம் உண்டு. ஸ்டீல் பின்னல் ஹோஸில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாய் நசுங்கினால் திரும்பாது.

அம்பத்தூர்_லேத்:

கோவை அண்ணன் பின்பக்கத்தைச் சொல்லிவிட்டார். வளைவு முடிந்ததும் பெடல் ஆழமாகப் போகிறது என்பது முன்பக்கத்து விஷயம். உங்கள் 1, 2, 3 மூன்றுக்கும் ஒரே வேர் இருக்கலாம்.

கம்பெனி காலிப்பர் பின்களின் மேல் நகரும். டிஸ்க் ஓரளவு கோணலாகச் சுற்றினாலும் கூடவே போய் வரும். 4 பிஸ்டன் காலிப்பர் நக்கிளில் இறுக்கிய ஒன்று, அது நகராது. டிஸ்க் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தட்டி பிஸ்டனை உள்ளே தள்ளும். வீல் பேரிங்கில் பிளே (தளர்ச்சி) இருந்தால் வளைவில் ஹப் சாயும்போது அதே தள்ளல் நடக்கும். அடுத்த மிதியில் அந்தத் தள்ளிய தூரத்தை நீங்கள் காலால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடது டிஸ்க்கும் வலது டிஸ்க்கும் வேறு வேறு அளவு ஆடினால் ஒரு பக்கம் பேடு முன்னதாகப் பிடிக்கும், அதுதான் முதல் நொடி இழுப்பு.

டயல் கேஜ் கடன் வாங்கியாவது அளந்து பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை ஐந்து வீல் போல்ட்டாலும் வாஷர் வைத்துச் சீராக இறுக்குங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் சின்னத் திருகை நம்பி அளக்கக் கூடாது. கேஜ் முனை டிஸ்க்கின் வெளி விளிம்பில் இருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே. மெதுவாக ஒரு முழுச் சுற்று. 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.10ஐத் தாண்டினால் நகராத காலிப்பருக்கு அது ஆகாது.

அதிகமாக வந்தால் டிஸ்க் மேல் பழி போடும் முன் அதைக் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். பத்து வருட வண்டியில் அந்த முகத்தில், முக்கியமாக நடு வளையத்தைச் சுற்றி, துரு பொருக்குத் தட்டியிருக்கும். நகத்தில் உரிந்து வரும் அளவுப் பொருக்கு, 0.05 மி.மீ. கூட இருக்காது. ஆனால் அது போல்ட் வட்டத்துக்குள் இருக்கிறது, நீங்கள் அளப்பதோ 140 மி.மீ. ஆரத்தில். அங்கே அது இரண்டு மூன்று மடங்காகக் காட்டும். கம்பி பிரஷ், பிறகு ஸ்காட்ச் பேடு, பிறகு கிளீனர் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்துவிட்டுத் திரும்ப அளவுங்கள். ஹப் முகத்தையே தனியாக அளந்தால் 0.03க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பேரிங்கோ ஹப்போ. எல்லாம் சரியாக இருந்தும் டிஸ்க் ஆடினால் தொப்பியைத் துளைக்குத் துளை மாற்றி வைத்து, எங்கே குறைவாகக் காட்டுகிறதோ அங்கே நிறுத்தி பெயின்ட் பென்னால் குறி போடுங்கள். தொப்பியும் ரிங்கும் சேரும் இடத்தில் வேண்டுமென்றே பிளே விட்ட வகை டிஸ்க் என்றால் ரிங்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டியரிங் ஆட்டம். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது, அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். டிஸ்க் ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை உரசித் தேயும், அல்லது பேடின் பொருள் அதே இடத்தில் அப்பிக்கொள்ளும். 0.02 மி.மீ. வித்தியாசமே கைக்குத் தெரியும். மைக்ரோமீட்டரில் ஒரே ஆரத்தில் எட்டு இடம் அளந்தால் அகப்பட்டுவிடும். சூடான பிரேக்கோடு சிக்னலில் நின்று பெடலை அழுத்தியே பிடித்தால் பேடு வடிவத்திலேயே டிஸ்க்கில் ஒரு கறுப்புத் தடம் பதியும், அதையும் கண்ணால் தேடுங்கள்.

வெறும் அப்பல் என்றால் 120 நம்பர் கார்னெட் தாளால் வட்டமாக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பேடு முகத்தையும் கண்ணாடி மேல் தாளை விரித்துச் சமப்படுத்தி, மறுபடி பெட்டிங் (பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்குவது) செய்தால் போதும். தேய்மானம் என்றால் லேத்தில் ஒரு லேசான டர்னிங். வண்டியிலேயே ஹப்போடு வைத்து எடுக்கும் மிஷின் கிடைத்தால் அதுதான் மேல். டிஸ்க் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

வீல் போல்ட் பற்றி இரண்டு விஷயம். கம்பெனி போல்ட்டின் இருக்கை (தலை சக்கரத்தில் உட்காரும் முகம்) உருண்டை. வெளிச்சந்தை அலாய் பெரும்பாலும் கூம்பு இருக்கை. மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தெரியும், பிடிக்காது. அலாயின் நடு ஓட்டை 57.1 மி.மீ.க்குப் பெரிதாக இருந்தால் ஹப் ரிங் (அந்த இடைவெளியை அடைக்கும் வளையம்) வேண்டும். கிட்டின் தொப்பி கம்பெனி டிஸ்க்கைவிடத் தடிமன் என்றால் போல்ட்டின் பிடி குறையும்: கையால் முறுக்கும்போது குறைந்தது 7, 8 முழுச் சுற்று ஏற வேண்டும், இல்லையென்றால் நீளமான போல்ட் வாங்குங்கள். இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சில். பஞ்சர் கடையில் இம்பாக்ட் கன்னால் ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நல்ல டிஸ்க்கும் தொப்பியும் அதிலேயே கோணிவிடும். அவரிடம் கையால் ஏற்றிக் கொடுக்கச் சொல்லி, இறுக்குவதை நீங்களே செய்யுங்கள்.

இழுப்பு இதற்கெல்லாம் பிறகும் இருந்தால் சஸ்பென்ஷன் கீழ்க் கையின் (லோயர் ஆர்ம்) பின் புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் நகர்ந்து டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். காலிப்பரில் எதைச் செய்தாலும் அது போகாது.

சேலம்_ஜிடி:

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. பார்த்த அளவுகள்:

ஹேண்ட்பிரேக் மூன்று பல் இழுத்தால் பெடல் தெளிவாக உயர்கிறது. பின் இடது டிரம்மில் ஆப்பு இறுகிக் கிடந்தது, கேபிளும் இழுத்தே இருந்தது. சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்ததும் பெடல் நிறைய மேலே வந்துவிட்டது. மாஸ்டர் சோதனையில் இறக்கம் இல்லை, பூஸ்டரும் சரி.

ரன்அவுட் (டிஸ்க் ஆட்டம், மி.மீ.): முன் இடது 0.14, வலது 0.04. இடது ஹப்பில் துரு தேய்த்ததும் 0.07, தொப்பியை இரண்டு துளை தள்ளி வைத்ததும் 0.04. பேரிங்கில் பிளே இல்லை. இழுப்பு போய்விட்டது. ஸ்டியரிங் ஆட்டம் பாதியாகக் குறைந்தது, இடது டிஸ்க்கில் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றன.

ஆனால் பெடல் இன்னும் கம்பெனி வண்டி அளவுக்கு மேலே இல்லை. லேசாகத் தொட்டாலே முன்பக்கம் குத்திக்கொண்டு நிற்கிறது, நனைந்த ரோட்டில் ஏபிஎஸ் சீக்கிரமே வந்துவிடுகிறது. மாஸ்டர் பெரிதாக்கினால் இது சரியாகுமா?

பிகியூ25:

சரியாகாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். கிட் வாங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு இது, விற்பவர்கள் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

கம்பெனி காலிப்பர் பிஸ்டன் 54 மி.மீ. அதன் பரப்பு 2290 சதுர மி.மீ. நகராத காலிப்பரில் ஒரு பக்கத்து பிஸ்டன்களை மட்டும்தான் எண்ண வேண்டும். எதிர்ப்பக்கம் அதே அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான். உங்களுடையது 42 மி.மீ. இரண்டு: 1385 + 1385 = 2771 சதுர மி.மீ. ஆக 21 விழுக்காடு கூடுதல். அந்த 21 விழுக்காடு அதிக ஆயிலை மாஸ்டர் தள்ள வேண்டும். பெடல் மிச்சமாகக் கீழே போவதற்குக் காரணம் இதுதான், எந்தப் பழுதும் இல்லை.

பேடு பிடிக்கும் சராசரி ஆரம் 256 டிஸ்க்கில் சுமார் 103 மி.மீ., 300 டிஸ்க்கில் சுமார் 126. அது இன்னொரு 22 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் 1.21 × 1.22 = 1.48. அதே பெடல் அழுத்தத்துக்கு, ஒரே தரப் பேடு என்று வைத்துக்கொண்டாலும், முன்பக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிரேக் பிடிக்கிறது. பின் டிரம் பழைய அளவிலேயே நிற்கிறது. அதனால் பின் டயருக்கு இன்னும் பிடி மீதம் இருக்கும்போதே முன் டயர் அதன் எல்லையைத் தொட்டுவிடும், ஏபிஎஸ் ஓட ஆரம்பித்துவிடும். நிற்கும் தூரம் கம்பெனி பிரேக்கைவிட நீளவும் கூடும். ஏபிஎஸ்ஸோடு இருக்கும் ஈபிடி (முன், பின் பிரேக்கைப் பங்கிடும் அமைப்பு) பின் பிரேக்கைக் குறைக்கத் தெரிந்தது. இருக்கும் அழுத்தத்துக்கு மேல் பின்னால் கூட்டிக் கொடுக்க அதனால் முடியாது.

மாஸ்டரைப் பெரிதாக்கினால் பெடல் மேலே வரும், உண்மை. காலுக்குப் பாரம் ஏறும், முன்புறக் குத்தலும் குறைந்ததாகத் தோன்றும். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாஸ்டர்தான் அழுத்தம் கொடுக்கிறது, எனவே 1.48 என்ற விகிதம் அப்படியே இருக்கும். வண்டியில் இஎஸ்பியும் (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) இருக்கிறது, அதன் கணக்கு முழுக்கக் கம்பெனி பிரேக் அளவை வைத்து எழுதியது. அதைக் குழப்பாமல் இருப்பதே நல்லது.

சரியான வழி காலிப்பர் பிஸ்டனைச் சின்னதாக்குவது. 38 மி.மீ. நான்கு என்றால் ஒரு பக்கம் 1134 + 1134 = 2268; கம்பெனி 2290க்கு ஒட்டியே வரும். 36, 40 என்று கலந்து வந்தால் 1018 + 1257 = 2275, அதுவும் சரி. பெடல் கம்பெனி உயரத்துக்குத் திரும்பிவிடும், முன்பக்கக் கூடுதல் டிஸ்க் ஆரத்தால் வரும் 22 விழுக்காட்டோடு நிற்கும். அதே கிட்டை இரண்டு மூன்று பிஸ்டன் அளவில் விற்பது வழக்கம், அதனால் காலிப்பரை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கலந்த அளவு என்றால் ஒன்று கவனிக்க வேண்டும்: வண்டி முன்னே போகும்போது டிஸ்க் எந்தப் பக்கத்தில் பேடுக்குள் நுழைகிறதோ அங்கே சின்ன பிஸ்டன் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பேடு சாய்வாகத் தேயும்.

பின் டிஸ்க் மாற்றம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. வெளிநாட்டுப் போலோ ஜிடிஐயில் பின்னால் 232×9 மி.மீ. டிஸ்க் வந்தது, முன்னால் 288×25. பின் டிஸ்க் என்றால் காலிப்பர், ஸ்டப், கேபிள் எல்லாம் மாறும், ஏபிஎஸ் கோடிங்கும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பின் பிரேக்கின் பலம் கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை: டிரம்மில் முன் ஷூ சுழற்சியோடு தானே இழுத்துக்கொண்டு பிடிக்கும், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அட்ஜஸ்ட் ஆன டிரம் இந்த எடைக்குப் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்கிறது. பிரேக் மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் சிவப்புக் காலிப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்கும்போது அந்தக் கடிதம் வேண்டும்.

நீலகிரி_இறக்கம்:

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை. உயிர் போகக்கூடிய இடம் அதுதான், அதனால் முழுக்கச் சொல்கிறேன்.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூட்டில் பிடிப்பை இழந்தது. பெடல் பஞ்சாகித் தரைக்குப் போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. உங்களுடையது முதல் வகை. இரண்டாவது வகை அதைத் தொடர்ந்தே வரும், பெரும்பாலும் எச்சரிக்கை இல்லாமல்.

எவ்வளவு சூடு என்று யோசியுங்கள். சேலம் பக்கத்து அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1100 மீட்டர் என்று வையுங்கள். அந்த உயரத்தின் ஆற்றல், 100 கி.மீ. வேகத்தில் இருந்து சுத்தமாக நிறுத்துவதை ஏறத்தாழ 28 முறை செய்வதற்குச் சமம். வண்டி எடை எதுவானாலும் இந்த எண் மாறாது, இரண்டு பக்கமும் எடை கழிந்துவிடும். எஞ்சின் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அவ்வளவும் பேடுக்கும் டிஸ்க்குக்கும்தான். இறக்கத்தில் வேகம் 30, 40தான் என்பதால் டிஸ்க்கைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு.

அதனால் முதல் மருந்து கியர். டிஎஸ்ஜியை டியில் விட்டு இறங்காதீர்கள், அது எரிபொருள் மிச்சத்துக்காக உயர் கியருக்கே போகும். மேனுவலுக்குத் தள்ளி, கொண்டை ஊசிப் பகுதி முழுக்க இரண்டாவது கியர். 3000, 3500 ஆர்பிஎம்மில் எஞ்சின் கத்தும், அது கத்தட்டும். ஆக்சிலேட்டரில் கால் இல்லாததால் பெட்ரோல் செலவும் இல்லை. பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன் இரண்டு மூன்று நொடி நன்றாகப் பிடித்து, முழுக்க விட்டுவிட வேண்டும். கீழே வந்ததும் சூட்டோடு நிறுத்தி பெடலை மிதித்தே நிற்காதீர்கள், சமதளத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிய பிறகு நிறுத்துங்கள்.

பேடு: விவரம் எழுதாத டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். தெருவுக்கும் மலைக்கும் இபிசி யெல்லோஸ்டஃப், ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரியானவை உங்கள் காலிப்பருக்கு வடிவம் பொருந்தினால் போதும். முழு ரேஸ் பேடு வாங்க வேண்டாம், காலையில் குளிர்ந்திருக்கும்போது அதில் பிடிப்பே இருக்காது. பேடின் முதுகில் அச்சிட்ட விவரமும் ஓரத்தில் வெடிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது வெந்துபோன பேடு, தேய்த்து மீட்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆயில்: டாட் 4இன் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி, ஈரம் ஏறியதும் 155. டாட் 5.1க்கு 260, 180. இந்த ஈர எண்ணைத்தான் பார்க்க வேண்டும், ரிசர்வாயரில் ஒரு வருடம் இருந்த ஆயில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். டிவிஎஸ் கிர்லிங் டாட் 4கூடப் புதிதாக மாற்றியிருந்தால் ஏற்காட்டுக்குப் போதும். சூடு அதிகம் கொடுக்கிறவர்கள் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போடலாம், அதன் உலர் கொதிநிலை 312 டிகிரி, ஆனால் வருடா வருடம் மாற்ற வேண்டும். முழுக்க மாற்ற 1 லிட்டர் தாராளம். பாட்டிலைத் திறந்து மாதக்கணக்கில் வைத்திருந்ததை ஊற்றாதீர்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியது சிலிகான். ஏபிஎஸ் வண்டிக்கு அது ஆகாது, பெயர் ஒத்திருக்கிறதே என்று 5.1க்குப் பதிலாக வாங்கிவிட வேண்டாம்.

புதுப் பேடு போட்டதும் பெட்டிங். ஆள் இல்லாத நேரான ரோடு, அதிகாலை, பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு: 60இல் இருந்து 15க்கு மிதமாகப் பத்து முறை, நடுவில் நிறுத்தாமல். பிறகு 90இல் இருந்து 20க்கு, ஏபிஎஸ் வராத அளவுக்கு அழுத்தி, எட்டு முறை. லேசாக நெடி வரும், கடைசி ஒன்றிரண்டில் பிடிப்பு கொஞ்சம் குறையும், அது சரிதான். எங்கேயும் முழுக்க நிற்காமல் பதினைந்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் முழுக்க ஒரே சாம்பல் நிறப் படலம் வந்திருந்தால் முடிந்தது. உங்கள் இடது டிஸ்க்கில் மீதமிருக்கும் திட்டுகளைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் திட்டின் மேலேயே புதுப் படலம் ஏறும்.

சேலம்_ஜிடி:

எல்லாம் குறித்துக்கொண்டேன். 38 மி.மீ. காலிப்பர் வரச் சில வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை இந்தக் கிட்டிலேயே ஓட்டலாமா, பழைய 256 செட்டைத் திரும்பப் போடுவதா? பழைய டிஸ்க் 20.5 மி.மீ. இருக்கிறது.

பிகியூ25:

பழையதைப் போடுங்கள். 22 மி.மீ. டிஸ்க்குக்குக் குறைந்தபட்சம் 19, உங்களுடையதில் இன்னும் உயிர் இருக்கிறது. நல்ல கம்பெனிப் பேடும் புது ஆயிலும் போட்டால் பின்னோடு சமநிலையும் திரும்பிவிடும். காலிப்பரின் கைடு பின் ரப்பரில் கிழிசல் பாருங்கள், பின்னுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும்.

கோவை_காலிப்பர்:

கூடவே ஒன்று. ஹோஸ் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பான்ஜோ போல்ட்டின் (ஹோஸைக் காலிப்பரில் பிடிக்கும் போல்ட்) இரண்டு பக்கச் செம்பு வாஷரும் புதிது. கிட்டின் போல்ட்டைக் கம்பெனி காலிப்பரில் போட்டுவிடாதீர்கள். அளவு ஒன்று போலத் தெரிந்தாலும் மறையின் இடைவெளி வேறாக இருக்கலாம், இரண்டு சுற்றுக்கு மேல் கையால் ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஜாக்கியில் சக்கரத்தைத் தொங்கவிட்டும் ஏற்றியும், ஹோஸ் எங்கேயும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை, ஏபிஎஸ் சென்சார் ஒயர் கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டுங்கள். ரோட்டுக்கு எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள், 100 கி.மீ. ஓடியதும் வீல் போல்ட்டை மீண்டும் 120இல் சரிபாருங்கள்.